அட்டைக்கு அடியில் இருந்த நீலம்

என் மனைவி ஒண்டினா இறந்த ஏழாவது மாதம், அவள் வரைந்த கடல் படத்தைச் சட்டம் மாற்றக் கொடுத்தேன். கண்ணாடிக்குள் பழுப்புப் புள்ளிகள் வரத் தொடங்கியிருந்தன. அவள் கையால் வரைந்ததில் என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

இத்தாலியின் திரியெஸ்தே நகரில் எங்கள் தெருமுனையில் ஃபுல்வியாவின் கடை. சட்டமும் போடுவாள், பழைய தாள்களையும் சீர்செய்வாள். ஒண்டினாவின் தங்கை நெரீனாவுக்கு அவள்மேல் நம்பிக்கை இல்லை.

“ஏதாவது அடையாளம் போட்டுக் கொடுங்க அத்தான். நல்லதை வெச்சுக்கிட்டு நகலைக் குடுத்தா நமக்கு என்ன தெரியும்?”

பின்பக்க மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை போட்டுக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போனபோது படம் சட்டமில்லாமல் மேசைமேல் கிடந்தது. முப்பத்தோரு வருடமாக நான் பார்த்த சாம்பல் வானம்தான். ஆனால் அதன் ஓரங்களில் விரற்கடை அகலத்துக்கு அடர்ந்த நீலம். எனக்கு நினைவே இல்லாத நீலம். புரட்டிப் பார்த்தேன். சிலுவை இல்லை.

“இது என் மனைவி வரைஞ்சதில்ல.”

“பின்ன நானா வரைஞ்சேன்? எனக்கு வட்டம் போட்டாலே கோணலாத்தான் வரும்.”

“பின்னால அடையாளம் போட்டிருந்தேன்.”

ஃபுல்வியா இழுப்பறையிலிருந்து என் பெயர் எழுதிய உறையை எடுத்தாள். உள்ளே பழைய அட்டைகள் இருந்தன. ஒன்றின் மூலையில் என் சிலுவை.

“நீங்க போட்டது படத்துக்குப் பின்னால வெச்சிருந்த முதுகட்டையில, சிஞ்ஞோர் ஸ்டெலியோ. அதுல இருந்த அமிலம் தாளை அரிச்சுக்கிட்டு இருந்துச்சு. கழட்டினது எதையும் நாங்க வீசறதில்ல. உங்களுக்கு முன்னாலயும் சந்தேகக்காரங்க வந்திருக்காங்க.”

“அட்டை என்னோடதுதான். படம்?”

அவள் உறையிலிருந்து, முன்பு படத்தைச் சுற்றியிருந்த, நடுவில் ஜன்னல்போல் வெட்டிய முன்னட்டையை எடுத்துப் படத்தின்மேல் வைத்தாள். நீலம் முழுக்க மறைந்தது.

“வானம் மொத்தமும் இந்த நீலமாத்தான் இருந்திருக்கு. அட்டை மூடின இடத்துல மட்டும் வெளிச்சம் படல. எங்க மாட்டியிருந்தீங்க?”

பால்கனி ஜன்னலுக்கு எதிரே. நான் ஆணி அடித்த அன்று, “அங்க வேண்டாம், வெயில் விழும்” என்றாள் ஒண்டினா. நான் காப்பி குடிக்கும் நாற்காலியிலிருந்து அங்கேதான் நன்றாகத் தெரியும் என்றேன். அவள் மறுபடி சொல்லவில்லை.

அப்போதும் நம்ப மனம் வரவில்லை. குனிந்து பார்த்தேன். இடது ஓரத்து நீலத்தில் மூன்று தொடுகைகள். வண்ணம் தோய்த்ததும் தூரிகையைத் தாளின் ஓரத்தில் மூன்று முறை தொட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். மூன்றாவது எப்போதும் கொஞ்சம் வளையும். இதுவும் வளைந்திருந்தது.

“நீலத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?”

“முடியாது. மேல பூசலாம். அப்புறம் நீங்க சொன்னது நிஜமாயிடும், உங்க மனைவி வரைஞ்சதா இருக்காது.” புது அட்டை ஒன்றை எடுத்தாள். “ஓரத்தை மறைச்சே அட்டை போடட்டுமா?”

“வேண்டாம். தெரியட்டும்.”

இப்போது படம் வெயில் எட்டாத நடைவழியில் இருக்கிறது. பார்க்க வேண்டுமென்றால் நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டும்.

போன ஞாயிறு நெரீனா அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள்.

“ஓரமெல்லாம் நீலமா இருக்கு, நடுவுல வெளுத்துப் போச்சே அத்தான். அந்தக் கடைக்காரி எதையோ போட்டுக் கழுவிட்டா. நான் அப்பவே சொன்னேன்.”

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பிறகு, காப்பி ஆறுகிறது என்றேன்.