அத்தானின் பிக்கப் போட்ட சத்தம்

எல்லாரும் சௌக்கியமா? முட்டிவலி, தலைசுத்தல் எல்லாம் சொன்ன பேச்சு கேக்குதா? நல்லது, உக்காருங்க. இதை யாரிடமாவது கொட்டாவிட்டால் சோறு தொண்டையில் இறங்காது.

அக்கா, தங்கை இருவரில் சின்னவள் சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவள். அவளுடைய அக்கா புருஷனுக்குப் பழைய பிக்கப் வண்டி என்றால் உயிர். ஒரு வண்டியின் கூண்டு, இன்னொன்றின் இன்ஜின், மூன்றாவதின் பின்அச்சு என்று பொறுக்கி, புதிதாக ஒன்றைக் கட்டினார். இன்ஜின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீள ஷாஃப்ட்டை அளவெடுத்து, வெட்டி, வெல்டிங் வைத்து மாட்டியவள் சின்னவள். நாலு மாதம் வண்டி வெண்ணெயாய் ஓடியது.

பிறகு ஒருநாள், வேகம் அறுபதைத் தொட்டதும் அடியிலிருந்து 'கும்ம்... கும்ம்' என்று ஒரு சத்தம். அத்தான் யாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும்? அதுதான் இல்லை! பெட்ரோல் பங்கில் நாலு பேர் நடுவே, "பொம்பள வெல்டிங்குப்பா, அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்திருக்கிறார். அந்த நாலு பேரில் ஒருவர் பள்ளிக்கூடப் பேருந்துகளின் ரிப்பேரைக் கவனிக்கும் ஃபோர்மேன். பன்னிரண்டு பஸ்களின் வேலையைச் சின்னவளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தவர். மறுநாளே, "வேற ஆளப் பாத்துக்கறோம்மா. புள்ளைங்க ஏறுற வண்டி" என்று போனை வைத்துவிட்டார்.

சின்னவளுக்கு உச்சந்தலை கொதித்தது. நேராக அக்கா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சாவியக் குடுங்க அத்தான்."

"எதுக்கும்மா?"

"என் வெல்டிங் எங்க விட்டுப்போச்சுன்னு பாக்கணும்."

"அட, தமாசுக்குச் சொன்னது..."

"உங்க தமாசுல என் பொழப்பு போச்சு."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "குடுத்துத் தொலைங்க! அந்த வண்டியப் பாக்குற பார்வைல பாதி என்னப் பாத்திருந்தா நான் ஏன் இப்படி இருக்கேன்!"

அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சின்னவளே ஓட்டினாள். அறுபதில் 'கும்ம்'. கியரை நியூட்ரலில் தள்ளினாள். இன்ஜின் அடங்கியது, சத்தம் அடங்கவில்லை. வண்டி உருளும் வேகத்தோடு ஒட்டிக்கொண்டே வந்தது.

"இன்ஜின் இல்ல" என்றாள்.

ஆளில்லாத ரோட்டில் இடமும் வலமுமாக வளைத்துப் பார்த்தாள். சத்தம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

"சக்கர பேரிங்கும் இல்ல."

"அதான் நான் சொன்னேனே, ஷாஃப்ட்டு!" என்றார் அத்தான், மெடல் வாங்கியவர் போல.

ஷெட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தி அடியில் புகுந்தாள். ஷாஃப்ட் தக்காளிச் சிவப்பில் பளபளத்தது. அவள் மாட்டும்போது அது வெறும் கறுப்பு.

"யாரு கழட்டினது?"

"யாரும் கழட்டல. கண்காட்சிக்கு வைக்கலாம்னு, மாட்டினது மாட்டினபடியே பெயின்ட் அடிச்சேன்."

அந்த ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பற்களால் நுழையும். எந்தப் பல்லிலும் நுழைந்துவிடும். ஆனால் இரு முனைகளிலும் கவட்டை போலப் பிரிந்திருக்கும் கவைகள் ஒரே நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பி நின்றாலும் வேகத்தில் அதிரும். அதற்காகவே அவள் துண்டுக்கு ஒரு புள்ளி குத்தி, எதிரெதிரே வைத்திருந்தாள். இப்போது விரலால் தடவினால் புள்ளியைக் காணோம். நகத்தால் சுரண்டினாள். பெயின்டுக்கு அடியில் பூசியிருந்த பட்டி உதிர்ந்தது. ஒரு புள்ளி இங்கே, மற்றது மூன்று பல் தள்ளி.

"இது என்ன அத்தான்?"

"அது... ஏதோ அடிபட்ட குழின்னு நெனச்சு பட்டி வச்சு அடைச்சேன். வழவழன்னு இருக்கட்டுமேன்னு."

"கழட்டாமலே புள்ளி மூணு பல்லு நடந்து போச்சா?"



சின்னவள் ஷாஃப்ட்டை இறக்கி, வெல்டிங் தையலைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். மயிரிழை விரிசல்கூட இல்லை.

"இப்ப நான் பங்குல போயி, ஆம்பள மாட்டினா இப்படித்தான்னு சொல்லவா?"

"விடும்மா, புள்ளிக்குப் புள்ளி வச்சு மாட்டிடு. குடும்பத்துக்குள்ள எதுக்கு..."

"பெட்ரோல் பங்கு குடும்பமா? ஃபோர்மேனுக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல. அதுவரைக்கும் இது என் மடியிலதான் இருக்கும்."

அரைமணி நேரம் முரண்டு பிடித்தார். ஷாஃப்ட் இல்லாத வண்டி எங்கே போகும்? கடைசியில் போன் போட்டார்.

"அண்ணே... அந்த வெல்டிங்கு நல்லாத்தான் இருக்கு..."

"என்னது? கேக்கல!"

"நான்தான் கழட்டி தப்பா மாட்டிட்டேன்னேன்!"

"யோவ், உன் பேச்சக் கேட்டு ஒரு நல்ல கைய வேணாம்னுட்டேனேய்யா! போனை அந்தம்மாகிட்ட குடு... அம்மா, திங்கக்கிழமை மொதல்ல ரெண்டு பஸ்ஸ அனுப்பறேன். மனசுல வச்சுக்காத."

"பஸ்ஸ அனுப்புங்க சார். ஆனா அடுத்த தடவ யாரு என்ன சொன்னாலும், ஒரு தரம் அடியில குனிஞ்சு பாத்துட்டு என்னை வேணாம்னு சொல்லுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தாள்.

உங்க கைவேலை மேலயும் யாராவது இப்படிப் பழி போட்டிருக்காங்களா? அப்ப என்ன பண்ணீங்க, வாயை மூடிட்டு வந்தீங்களா, கேட்டீங்களா? ஒண்ணு விடாம எழுதுங்க. பெரிசா இருந்தாலும் படிப்பேன்.