கரியில் ஒரு வெள்ளைத் திட்டு

மேலே போய்விட்டுத் திரும்பி வந்த ராக்கெட் பார்க்க லட்சணமாக இருக்காது. விளம்பரப் படத்தில் பார்த்து மயங்கியவர்கள் நேரில் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார்கள். பயணிகள் உட்கார்ந்திருக்கும் கூண்டை மேலே தள்ளிவிட்டு, தான் கக்கும் புகைக்குள் தானே இறங்கி வந்து நிற்கிறது பாருங்கள், அதனால் பாதி உடம்பு கரி. அடுப்பிலிருந்து இறக்கின பாத்திரம் கெட்டது போங்கள்!

அந்தக் கரி என்றால் டார்ச்சுக்கு உயிர். பட்டப்பகலிலும் கையில் டார்ச் லைட்டோடு திரிவதால் பட்டறை அவளுக்கு வைத்த பெயர் அது. திரும்பி வந்த ராக்கெட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, மறுபடி பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது அவள் வேலை. முன்பெல்லாம் ஒரே தடவை பறந்து கடலில் விழுந்து தொலையும். வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று எவனுக்குத் தெரியும்? இப்போது வீடு திரும்பி வந்து எல்லாவற்றையும் சொல்கிறது. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வீடு திரும்புகிறவர்கள் எல்லாவற்றையுமா சொல்கிறார்கள்? சிலதை மறைக்கவும்தான் செய்வார்கள்.

கரி எப்படிப் பேசும் என்று கேட்டால் அவள் நாள் முழுக்கச் சொல்வாள். உள்ளே குளிர்ந்த திரவம் இருக்கும் இடத்தில் வெளித்தோலில் பனி படியும். கரி அந்தப் பனிமேல்தான் உட்காரும். பனி உருகும்போது கரியையும் கூட்டிக்கொண்டு வழிந்துவிடும். ஆகவே குளிர்ந்த இடம் வெள்ளையாகத் தெரியும். தொட்டி இருக்கும் இடம் வெள்ளையாக இருந்தால் நல்லது. குளிரவே கூடாத இடத்தில் வெள்ளை தெரிந்தால், உள்ளே எங்கோ குளிர்த்திரவம் கசிகிறது என்று அர்த்தம். அடுத்த முறை அந்தக் கசிவில் தீப்பொறி பட்டால் மேலே கூண்டில் உட்கார்ந்திருக்கும் நாலு பயணிகளும் அவ்வளவுதான்.

அன்று காலை அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது, படுக்கவைத்திருந்த ராக்கெட்டின் மேல் அதைக் கழுவும் குழாய்க்காரர் ஏற்கெனவே தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். இன்ஜின் பக்கம், தோளுயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. அவள் கண்ணில் அது பட்டதும், தண்ணீர் அதன் மேல் பாய்ந்ததும் ஒன்றாக நடந்தன.

"நிறுத்துங்க! நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!"

நிறுத்தினார். ஆனால் கரியும் போயிற்று, திட்டும் போயிற்று. எல்லாம் பளிச்சென்று ஒரே வெள்ளை.

"நான் பார்த்த பிறகுதானே தண்ணி? யார் அடிக்கச் சொன்னது?"

"மத்தியானம் பயணிங்களோட போட்டோ எடுக்கணுமாம். ஆபீஸ்ல சொன்னாங்க. என்னைத் திட்டி என்னம்மா பிரயோஜனம்?"

அவரைத் திட்டிப் பிரயோஜனமில்லைதான். அந்த இடத்துக்குப் பின்னால் குளிர்த்திரவம் ஓடும் ஒரு குழாய் போகிறது, நடுவில் தடித்த உறை இருக்கிறது. தோல் குளிர வாய்ப்பே இல்லை. அப்புறம் எப்படி வந்தது வெள்ளை? அவள் டார்ச்சை அணைக்கக்கூட மறந்து வெளியே ஓடினாள். ஏனென்றால் மறுநாள் இதன் தலையில் உட்கார்ந்து போகப்போகிற நாலு பேரில் ஒருத்தி அவள் கூடப்பிறந்த தங்கை.

தங்கை ஆராய்ச்சிக்காரி. கண்ணாடித் தட்டுகளில் எலும்புச் செல் வளர்க்கிறாள். எடையில்லாத இடத்தில் அவை எப்படி வளரும் என்று பார்க்க ஒன்பது வருடமாக ஒற்றைக்காலில் நின்று இந்தப் பயணத்தில் ஓர் இருக்கை வாங்கினாள். செல்கள் இந்த வாரம்தான் தாங்கும். பயணம் தள்ளிப்போனால் செல்கள் கெட்டுவிடும், அவள் இருக்கை அடுத்த குழுவுக்குப் போய்விடும்.

டார்ச் கேன்டீனில் அவளைப் பிடித்து உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். தங்கை பயந்த மாதிரியே தெரியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஐயோ அக்கா, அது நான்தான்! நேத்து சாயங்காலம் எங்களைக் கூட்டிட்டு வந்து காட்டினாங்கல்ல? அப்ப கர்ச்சீஃபால துடைச்சேன். கரிக்கு அடியில எப்படி இருக்குன்னு பார்க்க ஆசையா இருந்துச்சு."

"யாரும் பார்க்கலையா?"

"எல்லாரும் இன்ஜினை வாய்பிளந்து பார்த்துட்டிருந்தாங்க. நான் ஓரமா நின்னேன்."

"கர்ச்சீஃப் எங்க?"

"கரி அப்பின துணியை யாரு வெச்சுப்பா? குப்பையில போட்டுட்டேன். காலையில அள்ளிட்டுப் போயிருப்பாங்க."

நல்ல வசதியான பதில்! சின்ன வயதில் உடைந்த பாத்திரத்துக்கெல்லாம் பூனைமேல் பழிபோட்டவள் இவள். அந்த வீட்டில் பூனையே கிடையாது. அம்மாவும் பாவம், ரொம்ப நாள் பூனையைத் தேடினாள்.

விஷயம் கேள்விப்பட்ட பட்டறை மேனேஜருக்கோ வாயெல்லாம் பல். "அப்பாடா! ஆளே ஒத்துக்கிட்டாச்சு. கையெழுத்தைப் போடுங்க."

"குளிர வெச்சுப் பார்த்துட்டுப் போடறேன் சார். குழாய்ல குளிர்த்திரவத்தை நிரப்பி ஒரு நாள் விடணும். கசிவு இருந்தா அந்த இடத்துல பனி பூக்கும்."

"ஒரு நாளா? நாளைக்கு ஏவணுமேம்மா! திரும்பத் திரும்பப் பறக்கறதுதான் நம்ம பொழைப்பே. ஒவ்வொரு கறைக்கும் ஒரு நாள் உட்கார்ந்தா புதுசாவே செஞ்சுட்டுப் போயிடலாம். உங்க தங்கச்சியே சாட்சி சொல்றாங்க, இன்னும் என்ன வேணும்?"

"என் தங்கச்சிங்கறதாலதான் சார் கேக்கறேன்."

மேனேஜர் சொன்னதும் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சல். சந்தேகப்பட ஆரம்பித்தால் முடிவே கிடையாது, சந்தேகப்படாமல் இருந்தால் ஒரு நாள் எல்லாமே முடிந்துபோகும். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய் என்று சொல்லிவைத்தவர்கள் தீர விசாரிக்க எவ்வளவு நேரமாகும் என்று சொல்லாமல் போய்விட்டார்கள்! கடைசியில் அவள் கையெழுத்தில்லாமல் எதுவும் நகராது என்பதால் மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

தங்கை வாசலில் வழிமறித்தாள். "அக்கா, என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. என்னை நம்பறியா இல்லையா?"

மழுப்பியிருக்கலாம். விதிமுறைமேல் பழியைப் போட்டிருக்கலாம். அவளுக்கு அது வரவில்லை.

"நம்பலடி."

தங்கை விறுவிறுவென்று போய்விட்டாள்.

மறுநாள் தொட்டியிலும் குழாயிலும் குளிர்த்திரவம் நிரம்பியது. தொட்டிப் பக்கம் மளமளவென்று பனி படிந்தது. டார்ச் அந்த உள்ளங்கை அகல இடத்தின் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பனி பூத்தால் நாலு உயிர் பிழைத்தது, தங்கை பொய்க்காரி. பூக்காவிட்டால் தங்கை சொன்னது சத்தியம், அக்கா அவளுடைய ஒன்பது வருட உழைப்பைக் காலி செய்தவள். எதை வேண்டிக்கொள்வது? அப்படியும் அவளுக்கு ஆவல் அடங்கவில்லை. ஒரு பக்கம் மனசு அடித்துக்கொள்ள, இன்னொரு பக்கம் அந்த இடம் என்ன சொல்லப்போகிறது என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு பிறவி!

மத்தியானம் போயிற்று, மாலையும் வந்தது. பனி பூக்கவில்லை. கையை வைத்துப் பார்த்தாள். காய்ந்து, கூடத்துக் காற்றைப்போல வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு குறையும் இல்லாத ராக்கெட். அவள் கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரம் வேறு குழுவோடு அது பறக்கும்.

தங்கை வந்து பின்னால் நின்றது அவளுக்குத் தெரியவில்லை.

"பனி வந்துச்சா?"

"வரல." டார்ச் எழுந்தாள். "நீ சொன்னது உண்மைதான். நான்தான் நம்பல. திட்டணும்னா திட்டிக்கோ."

தங்கை திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்த வெள்ளைத்தோலையே பார்த்தாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"செல்லையெல்லாம் கொட்டிட்டேன்" என்றாள். "நேத்து முழுக்க உன்மேல அப்படி ஒரு ஆத்திரம். உண்மையைச் சொல்லியும் நம்பலையேன்னு. அப்புறம் ஒண்ணு யோசிச்சேன்க்கா. நான் துடைக்காமலே இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பேன்?"

டார்ச் கையிலிருந்த விளக்கை அணைத்தாள்.

"துடைச்சேன்னுதான் சொல்லியிருப்பேன். இதே மாதிரி சிரிச்சுக்கிட்டே. கூட மூணு பேர் உட்காரப்போறாங்கன்னு நினைச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்." அவள் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். "நாளைக்கே எனக்கு வேற சீட்டு கிடைச்சாலும், என்னை நம்பாதக்கா."