மஞ்சள் சீட்டு

காற்று நின்றால் எங்கள் சலவைக்கூடத்தில் டிரையரும் நின்றுவிடும். மின்சாரத்துக்கு மணிக்கொரு விலை. எங்கள் ஜட்லாண்டில் மின்சாரக் காற்றாடிகள் சுற்றும் வரைதான் மலிவு. பிரெபென் ஜன்னல் வழியே காற்றாடியைப் பார்ப்பான், பிறகு போனைப் பார்ப்பான், அதற்கப்புறம்தான் பொத்தானைத் தொட விடுவான். முதலாளிதான், ஆனால் இங்கே யாரும் யாரையும் நீங்க, வாங்க என்பதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையும் விடுதிகளின் ஈரத் துணியைக் குவித்துப்போட்டுவிட்டுக் காற்றுக்காகக் காத்திருந்தோம். அவன் ஒரு காலி பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

"செலவக் குறைச்சே ஆகணும். ஆளுக்கொரு யோசனை எழுதிப் போடுங்க. பேர் போடணும்னு இல்ல. வெள்ளிக்கிழமை ரொட்டி சாப்பிடறப்பப் படிக்கிறேன்."

"உன் காரை வித்துடுன்னு எழுதலாமா?" என்றான் வண்டி ஓட்டும் வில்லி. பிரெபென்கூடச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் கண் கூட வேலை செய்யும் போடிலின் மேல் இருந்தது. நான் இங்கே வந்து பதினான்கு வருடம், அவள் ஒன்பது. இஸ்திரி இயந்திரத்தில் நாங்கள் இரண்டு பெண்களும் ஜோடி. போன வாரம் இரண்டு முறை அவள் பிரெபெனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எங்கள் கூடத்தில் கழிப்பறைக் கதவைத் தவிர எதையும் யாரும் சாத்துவதில்லை. வெளியே வந்தவள், "காபி வேணுமா எல்லன்?" என்றாள். என்றைக்கும் இல்லாத கரிசனம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது கை தோளுக்கு மேலே எழும்பாது. கனமான விரிப்புகளை ஒரு வருடமாக அவள்தான் தூக்கிப்போடுகிறாள். அதை உள்ளே சொல்லாமலா இருந்திருப்பாள்? இந்தக் கையோடு, இந்த வயதில், எனக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

புதன்கிழமை கேட்டேவிட்டேன். "உள்ள என்ன அப்படிப் பேச்சு?"

"முடியட்டும், சொல்றேன்."

என்ன முடியட்டும்? என் கதையா?

மதியம் காற்று பிடித்தது. எல்லாரும் டிரையர் பக்கம் ஓடினார்கள். நான் கைக்குக் கிடைத்த தாளில், கையெழுத்து தெரியாதபடி அச்சு எழுத்தில் எழுதினேன்: 'இஸ்திரிக்கு ஒருவர் போதும். பிந்திச் சேர்ந்தவரை அனுப்பலாம்.' நான்காக மடித்து டப்பாவில் போட்டேன். அன்று நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் முதலாளி செலவில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி. முதல் சீட்டு இந்த ரொட்டியையே நிறுத்தச் சொன்னது. "எவன்டா அது?" என்று வில்லி மேஜையைத் தட்டினான். இரண்டாவதைப் பிரெபென் மெதுவாகப் படித்தான்.

"இது போடில், பேர் போட்டே எழுதியிருக்கா. 'எனக்கு வாரத்துல ரெண்டு நாள் குறைச்சுக்கோ. எப்படியும் வீட்டு ஆடுங்களப் பாக்க எனக்கு நாள் வேணும். எல்லனை அனுப்பாதே.'" அவன் நிமிர்ந்தான். "இது சரிப்படுமான்னுதான் நானும் அவளும் தொழிற்சங்கத்துக்குப் போன் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தோம்."

என் வாயில் ரொட்டி அப்படியே நின்றது. டப்பாவுக்குள் கைவிட்டு என் சீட்டைப் பிடுங்கிவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் அவன் எடுத்துவிட்டான்.

மஞ்சள் சீட்டு. மடித்த துணிக் கட்டுகளில் விடுதியின் பெயர் எழுதிச் செருகும் சீட்டு. இஸ்திரி இயந்திரத்தடியில் மட்டும்தான் இருக்கும். போடிலையும் என்னையும் தவிர யாரும் அதைத் தொடுவதில்லை. பதினான்கு வருடப் பழக்கத்தில் என் கை தானாக எடுத்திருக்கிறது. பாவி, எழுத்தை மறைத்தேன், தாளை மறந்தேன்.

பிரெபென் படித்து முடித்தபோது வில்லி மெல்வதை நிறுத்தியிருந்தான். போடில் வெண்ணெய்க் கத்தியைத் தட்டில் வைத்தாள். "திங்கக்கிழமை சொல்றேன்" என்று பிரெபென் எழுந்து ஜன்னலுக்குப் போனான். காற்றாடி நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று மீதியிருந்த கல்யாண விருந்தின் நீள மேஜை விரிப்புகள் இயந்திரத்தில் மடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துதான் மடிக்க வேண்டும். போடில் தன் முனைகளை எடுத்தாள். நானும் எடுத்தேன்.

"இறுக்கிப் பிடி" என்றாள்.

முனைகளை உயர்த்தினோம். என் வலது கை பாதியில் நின்றது. அவள் எப்போதும்போல் தன் பக்கத்தை என் உயரத்துக்கு இறக்கினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தபடி நடந்து வரத் தொடங்கினாள்.