வார்டனம்மாவின் மீன்தொட்டி

பெண்கள் விடுதியில் கொடி கட்டிப் பறந்த வார்டனம்மாவை, ஓய்வுபெற்ற கொஞ்ச நாளிலேயே விரல் நீளம்கூட இல்லாத ஒரு மீன் கண்ணில் விரல் விட்டு ஆட்டிவிட்டது.

தொட்டி, விடுதிப் பெண்கள் சேர்ந்து வாங்கித் தந்த பரிசு. ஹாலில் சோபாவுக்கு எதிரே சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். கொடுக்கும்போதே ஒருத்தி, "எங்களையே கட்டி மேய்ச்சவங்க மேடம், இந்த மீனெல்லாம் உங்களுக்கு ஒரு விஷயமா?" என்று ஐஸ் வைத்திருந்தாள். அது வார்டனம்மாவின் தலைக்கு நன்றாகவே ஏறிவிட்டது.

ஏறாமல் என்ன செய்யும்? யாரை யாரோடு சேர்த்து அறை கொடுத்தால் விடுதிக் கூரை பிய்த்துக்கொண்டு போகாது என்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அழுமூஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு வாயாடி, படிப்பாளிக்குத் துணையாக ஒரு தூங்குமூஞ்சி. எத்தனை புகார் வந்தாலும் ஒரு பெண்ணைக்கூடப் பெட்டியைக் கட்டச் சொல்லி வெளியே அனுப்பியதில்லை. அவர் சேர்த்த சொத்து என்றால் அதுதான்.

அதனால்தான் வண்ணமீன் கடைக்காரர், "ஆப்பிரிக்க சிக்லிட்டாம்மா? அழகுதான், ஆனா சண்டைக்காரப் பசங்க. பாத்துச் சேக்கணும்" என்று ஆரம்பித்தபோது, அவரை முடிக்கவே விடவில்லை.

"சண்டைக்காரங்கள நான் பாக்காததா? நெருக்கியடிச்சா சண்டை. ஆளுக்கொரு ரூம் குடுத்துட்டா அவங்கவங்க வேலையைப் பாத்துட்டுப் போகப் போறாங்க!"

அவ்வளவு பெரிய தொட்டியில் நான்கே மீன்கள். நான்கு மூலையிலும் கல் அடுக்கி நான்கு குகைகள். சொந்தப் பிள்ளைக்குக்கூட யாரும் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ய மாட்டார்கள்.

நீல உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட ஆண் மீன் நான்கு குகையையும் தனக்கே பட்டா போட்டுக்கொண்டது. தன்னைப் போலவே பட்டை போட்டிருந்த இன்னொன்றைத் துரத்தித் துரத்தியே கொன்றது. மஞ்சள் மீனின் வால் கந்தலானது. பழுப்பு மீன் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, தீனிக்குக்கூட வெளியே வரவில்லை.

கணவர் செய்தித்தாளுக்கு மேலே கண்ணை உயர்த்தினார். "என்ன வார்டனம்மா, உங்க ஹாஸ்டல்ல கொலை விழுந்திருக்கு போல!"

"ஒங்க நக்கலை மடிச்சு அந்தப் பேப்பருக்குள்ளேயே வையுங்க."

அன்றைக்கென்று பார்த்துத்தான் போன் வந்தது. அடுத்த மாதம் பழைய பெண்கள் எல்லோரும் வருகிறார்களாம், தொட்டியைப் பார்க்க. போனை வைத்த வார்டனம்மாவுக்கு அவமானத்தில் காது இரண்டும் சுட்டது.

வேறு வழியில்லாமல் கடைக்காரரிடமே போனார். கதையைக் கேட்டுவிட்டு அவர், "அந்த நீலத்தைக் கொண்டாந்து குடுத்துடுங்கம்மா. சாதுவா வேற ஒண்ணு தர்றேன்" என்றார்.

"குடுக்க மாட்டேன்."

"அது திருந்தாதும்மா."

"திருந்த வேணாம். ஆனா வெளிய அனுப்ப மாட்டேன். யாரையும் அனுப்பினதில்ல." சொல்லும்போது குரல் லேசாக உடைந்தது. மீனுக்காகவா இப்படி என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அப்ப நீங்க செஞ்சதுக்கு நேர்மாறா செய்யணும். நாலு பேர் இருந்தா ஒருத்தனையே குறி வச்சு அடிப்பான். கூட்டமா இருந்தா யாரைன்னு அடிப்பான்? தொட்டியை நெரப்புங்க. அதுக்குன்னு குட்டையைக் குழப்பிடாதீங்க. எல்லாம் இவனோட ஊரான ஆப்பிரிக்க மலாவி ஏரிப் பசங்களா, பாறையில பாசி மேயுற ஜாதியா இருக்கணும். அப்பதான் தண்ணியும் ஒத்துப்போகும், தீனியும் ஒத்துப்போகும். அவனை மாதிரி நீலமோ பட்டையோ இன்னொரு ஆண் கூடவே கூடாது, கண்டாலே போட்டியாளன்னு நெனைப்பான். ஒரு ஆணுக்கு மூணு நாலு பொண்ணு. கூட்டம் கூடினா அழுக்கும் கூடும். பெரிய ஃபில்டர் போட்டு, வாராவாரம் கொஞ்சம் தண்ணி மாத்தணும்."

வார்டனம்மா இந்தத் தடவை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

எலுமிச்சை மஞ்சளில் ஒரு குடும்பம், துரு நிறத்தில் ஒரு குடும்பம், பால்வெள்ளையில் ஒரு குடும்பம், நீலனுக்கென்று அவன் இனத்துப் பெண்கள். ஒவ்வொன்றையும் கண்ணாடியில் மூக்கு உரசும்படி குனிந்து பார்த்து எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் நீலனை வாளியில் போட்டார். குகைகளை எல்லாம் கலைத்து, பழைய மூலை எது என்று அவருக்கே தெரியாதபடி கற்களை நடுவில் மலையாக அடுக்கினார். புது மீன்களை விட்டுக் குடியேற்றி, வாளிக்காரனைக் கடைசியாக இறக்கினார்.

"இப்ப நீதான் ஜூனியர். பொத்திக்கிட்டு இரு."

நீலன் பாய்ந்து வந்தான். ஒன்றைத் துரத்தினான், குறுக்கே இன்னொன்று வந்தது. அதைத் துரத்தினான், முதலாவது எங்கே என்று தெரியவில்லை. தன் வீட்டைத் தேடினான், வீடே இல்லை. கடைசியில் ஒரு சின்னப் பொந்தோடு திருப்திப்பட்டுக்கொண்டான். கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சோபாவிலிருந்து கை தட்டினார். வார்டனம்மா கேட்காதது போல ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார். உள்ளுக்குள் தலைகால் புரியாத சந்தோஷம்.

பெண்கள் வந்த அன்று பழைய மஞ்சளின் வால் முழுதாக வளர்ந்திருந்தது. பழுப்பு மீன் தீனிக்கு முதல் ஆளாக மேலே வந்தது. ஹாலே கூச்சலில் அதிர்ந்தது. கணவர் சும்மா இருப்பாரா? கொலைக் கதையை, கொலைகாரனின் நிறத்தை மட்டும் மறைத்து, கண், காது, மூக்கு வைத்துச் சொல்லி முடித்துவிட்டு, "எங்க, அந்த ரவுடி யாருன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்" என்றார்.

ஆளுக்கொன்றைக் காட்டினார்கள். எல்லாம் தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் வார்டனம்மாவின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

கடைசியாக ஒருத்தி குனிந்து பார்த்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விடுதியில் அவளுக்குச் சூறாவளி என்று பெயர். "இவன்தான்" என்று கண்ணாடியில் விரல் வைத்து நீலனைக் காட்டினாள்.

"எப்படிடி கண்டுபிடிச்ச?"

"யாரை அடிக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறான் பாருங்க மேடம். என் கதையும் அதானே?" அவள் சிரித்தாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு பேர் ரூம்ல நான் போட்ட ஆட்டத்துக்கு, என்னைத் துரத்தச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. நீங்கதான் என்னைத் தூக்கிப் பெரிய ஹால்ல அத்தனை பேருக்கு நடுவுல போட்டீங்க. அங்க போயித்தான் நான் மனுஷியானேன். ஏன் அங்க போட்டீங்கன்னு இன்னிக்குத்தான் எனக்குப் புரியுது. இந்தக் கணக்கு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு!"

வார்டனம்மாவுக்கு நடந்தது நன்றாகவே நினைவிருந்தது. கணக்காவது ஒன்றாவது. அந்த வருடம் வேறு எந்த அறையிலும் கட்டில் காலியில்லை. கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்கள் வாசலில் நிற்கும்போது, இந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப மனசு வராமல், கிடைத்த கட்டிலில் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். இது கணவருக்கும் தெரியும். அவர் புருவத்தை உயர்த்தி, என்ன சொல்லப் போகிறாய் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வார்டனம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. சூறாவளியின் தலையைப் பிடித்து லேசாக ஆட்டினார்.

"பின்ன? வார்டன்னா சும்மாவா?"