வேலியை எங்கே கட்டினாய், ஜோயல்?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது முட்டுக்காடு படகுத் துறையில். அலுவலகச் சுற்றுலாவுக்கு வந்த இரண்டு பேர் படகில் ஏறாமல், ஒரு மின்னணுச் சிப்பை அறுக்கலாமா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்கமில்லாமல் ஒட்டுக்கேட்டேன். பாதி புரியவில்லை, அதனால்தான் விட மனமில்லை.

'கடல் அமைதியாக இருந்த' [அடித்துவிட்டேன். நம்மூர்க் கடல் என்றைக்கு அமைதியாக இருந்தது?]

2

இருவரில் பெண்ணுக்கு ஷஃபானா என்று பெயர் வைக்கிறேன். செங்கல்பட்டில் வீடு. அவளுடைய குழு காதுகேள் கருவிக்கு ஒரு சிப் செய்திருக்கிறது. அதில் ஒரு பாதி, மெல்லிய ஒலியைக் கேட்டு வாங்கும் அனலாக் பகுதி. மறுபாதி, கணக்குப் போடும் டிஜிட்டல் பகுதி. இரண்டுக்கும் ஒரே பேட்டரி. டிஜிட்டல் பகுதி மின்சாரத்தை மடக்மடக்கென்று இழுக்க, அனலாக் பகுதியில் ஊளைச் சத்தம். (மோட்டார் போட்டால் வீட்டு விளக்கு மங்குமே, அதேதான். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.)

வெள்ளிக்கிழமைக்குள் ஊளை நிற்காவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

3

மின்பாதையைப் பிரித்துப் பார்த்தார்கள், மின்தேக்கிகளைக் கூட்டிப் பார்த்தார்கள். ஊளை குறைந்தது, போகவில்லை. இரைச்சலை மறித்துத் தரைக்கு (கிரவுண்டு என்பார்கள், பகுதிக்கு ஒன்று) இறக்கிவிட, இரண்டு பகுதிக்கும் நடுவே சிப்புக்குள்ளேயே ஒரு வேலி உண்டு. அதை வரைந்தவன் ஜோயல், படகுத் துறையில் அவளோடு சண்டை போட்டவன்.

"வேலிய எந்த கிரவுண்டுல கட்டிகீற, ஜோயல்?"

"டிஜிட்டல்லதான். அதான் பக்கத்துல இருந்துச்சு. இன்னா இப்போ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிஜிட்டல் தரையின் குலுக்கல் முழுவதும் அந்த வேலி வழியாகவே அனலாக் பகுதிக்குப் போயிருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

4

அயனிக் கற்றை என்னும் நுண்கத்தியால் அந்த இணைப்பை அறுத்து, வேலியை அனலாக் தரையோடு சேர்க்கலாம். ஆனால் கைவசம் இருப்பது ஒரே ஒரு நல்ல சிப். கை தவறினால் அதுவும் போயிற்று. இருப்பதையே மேலிடத்தில் காட்டிக் கெஞ்சலாம் என்றான் ஜோயல்.

"ஊளையோட குடுத்தா, காதுல மாட்டிக்கினு கீறவங்களுக்கு நாள் பூரா ஊளைதான்" என்றாள் அவள். அறுக்க அனுப்பினாள்.

(இவ்வளவு துணிச்சல் அவளுக்கு உண்டா? நாலு தரம் திருத்தி எழுதினேன். நாலு தரமும் அவள் சிப்பைத் திரும்ப டப்பாவில் வைத்துவிட்டாள். பயந்தது நான்தான் என்று பிறகுதான் உறைத்தது. நாங்கள் இரண்டு பேரும் ஓடுவது ஒரே பேட்டரியில்.)

5

முடிவு ஒன்று: ஊளை போயிற்று, ஜோயல் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். முடிவு இரண்டு: சிப் செத்தது, ஆளுக்கொரு ஊருக்கு மாற்றல். இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது. கிழித்தேன்.

வியாழக்கிழமை. அறுத்த சிப் திரும்பி வந்திருக்கிறது. ஷஃபானா கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடுகிறாள். ஜோயல் சுவிட்சில் விரல் வைத்துவிட்டான். இந்நேரம் நான் ஒரு வார்த்தை பேசினாலும் அவள் காதில் விழும். நான் வாயை மூடிக்கொள்கிறேன். அவளுக்கு என்ன கேட்கிறதென்று நீங்கள்—