மொய் வந்து கடன் தீரும்

அந்த விருந்தில் அறுத்தது குதிரையா மாடா என்பதில் எனக்கே இப்போது சந்தேகம். நரின் ஊரில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். குதிரைக் கறியைத் தின்றதாக எனக்கு ஞாபகம். ஆனால் என் ஞாபகத்துக்கு நானே ஜாமீன் நிற்க மாட்டேன். துருஸ்பெக் போட்ட கணக்கு மட்டும் தெளிவாக நினைவிருக்கிறது. பின்னாளில் தன்னைத் திட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவனே அதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான்.

துருஸ்பெக் மலையூரான நரினுக்கும் தலைநகர் பிஷ்கெக்குக்கும் நடுவே வாடகைக் கார் ஓட்டுகிறவன். தொலோன் கணவாய் ஏறி இறங்கும்வரை வாயைத் திறக்க மாட்டான். மனிதன் எதையோ ஆழமாகச் சிந்திக்கிறான் என்று பயணிகளும் மரியாதையாக மௌனம் காப்பார்கள். அவன் சிந்தித்ததெல்லாம் மொய்தான். எந்தச் சொந்தக்காரன் வீட்டு விருந்துக்கு எவ்வளவு வைத்தோம், யார் இன்னும் திருப்பி வைக்கவில்லை என்பதைத்தான். மகள் ஐபெரி சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் கணக்கு பழுத்துவிட்டது. முதல் நடைக்காகக் குழந்தையின் காலில் கயிறு கட்டி அறுக்கும் விருந்தைப் பெரிதாக வைப்பது. செலவுக்குக் காரை அடமானம் வைத்துக் கடன் வாங்குவது. மொய் வந்ததும் கடனை ஒரே மூச்சில் அடைத்துவிடுவது.

மனைவி சல்தனத் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள்.

"தவணை கட்டலேன்னா காரைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் எதை ஓட்டுவீங்க, என்னையா?"

"மொய் வருதில்ல?"

"ஊர்ல எல்லாரும் உங்கள மாதிரியே இருந்தா வரும்."

இதை அவன் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

கடன் கொடுக்கும் அலுவலகத்தில் நுர்சதா என்ற இளம்பெண், "எப்படிண்ணே திருப்பிக் கட்டுவீங்க?" என்று கேட்டாள். "கார் ஓட்டித்தான்" என்றான். மொய் என்று சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தின் பேச்சைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

விருந்து நன்றாகவே நடந்தது. கறுப்பும் வெள்ளையுமாகத் திரித்த கயிற்றை ஐபெரியின் கால்களில் கட்டினார்கள். பிள்ளைகள் ஓட்டப் பந்தயம் ஓட, முந்தி வந்தவள் கத்தியால் கயிற்றை அறுத்தாள். குழந்தை நாலு எட்டு வைத்து, ரொட்டிக் கூடைக்குள் உட்கார்ந்துகொண்டது. அடுத்து வாழ்த்தும் மொய்யும். மைக் முதலில் மாமுர்கன் பெரியப்பாவிடம் போயிற்று. துருஸ்பெக்கின் கணக்கில் பெரிய தொகை வைக்க வேண்டியவர் அவர்தான்.

"என் தம்பி மகனுக்குக் காகித நோட்டக் கொடுத்துக் கேவலப்படுத்த மாட்டேன்!" என்று முழங்கினார். "குதிரைக்குட்டி கொடுக்கிறேன்!"

கூடாரம் கைதட்டலில் அதிர்ந்தது.

"குட்டி எங்க?" என்று துருஸ்பெக் பல்லைக் கடித்தபடி கேட்டான்.

"அவர் குதிரை இன்னும் சினையே ஆகலையாம்," என்றாள் சல்தனத், முகத்தில் புன்னகை மாறாமல்.

பின்னால் வந்தவர்கள் மொய்ப் பணத்துக்குப் பதிலாக அவனுக்கு மேலங்கி போர்த்தினார்கள். பூவேலை செய்த வெல்வெட் அங்கிகள், ஒன்றின் மேல் ஒன்றாக. எல்லோரும் யாரோ ஒருவருடைய விருந்துக்கு வாங்கிய கடனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டில் சும்மா கிடந்தது அங்கிதான். ஜூன் மாத வெயிலில் வேர்த்து வழிந்து நின்ற துருஸ்பெக் பார்வைக்குக் கடன்காரன் மாதிரி இல்லை, நாடாண்ட கான் மாதிரி இருந்தான். ரொக்கமாக வந்தது சமையலுக்கும் கூடார வாடகைக்கும் சரியாகப் போயிற்று.

மறுவாரம் பெரியப்பாவிடம் குட்டியைப் பற்றி ஜாடையாகக் கேட்டான். "பொறக்கட்டும்டா. என்ன நீ, பேங்க்காரன் மாதிரி அவசரப்படுறே?" என்றார்.

அங்கிகளை மூட்டை கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோனான். துணிக்கடை ஜூரா அக்கா ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பினாள்.

"புதுசுக்கா. ஒரே தடவ போட்டது."

"புதுசா? இந்தக் கிழிசல நான்தான் தச்சேன். ரெண்டு தடவ வித்திருக்கேன், இது மூணாவது தடவ வருது."

"சரி, இந்த நீலம்?"

"இது நீயே வாங்கினது தம்பி, உன் மாமனாருக்கு. பேரம் பேசி என் உசிர எடுத்தியே, மறந்துட்டியா?"

துருஸ்பெக் அங்கியைப் பார்த்தான். அங்கியும் அவனை அடையாளம் கண்டுகொண்டது போலிருந்தது.

"என்ன குடுப்பே?"

"பாதி விலை. மூஞ்சியத் தூக்காதே, அடுத்த விருந்துக்கு இதே நீலத்த உனக்கே எடுத்து வைக்கிறேன்."

முதல் தவணை அந்தப் பணத்தில் போயிற்று. அடுத்ததை ராப்பகலாக ஓட்டிக் கட்டினான். மூன்றாவதுக்கு முன்னால் பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது. மொய் வைக்காமல் போக முடியாது.

காரில் உட்கார்ந்து கைபேசியை வெறித்தான். விரலால் அழுத்தினால் அதிலேயே கடன் கிடைக்கும். வாங்கி மொய் வைக்கலாம். ஐபெரி கல்யாணத்தில் அது திரும்பி வரும். குழந்தைக்கு இன்னும் பல்லே முழுதாக முளைக்கவில்லை என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. தன்னைப் போன்ற மேதையிடம் இனி கணக்கு கேட்கக் கூடாது என்று அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது. ரெண்டு கடன் சேர்ந்தால் கார் நிச்சயம் போய்விடும். நேராக நுர்சதாவிடம் போனான்.

"தவணை தவறுறதுக்கு முன்னாடியே வந்து சொல்றீங்களே! மத்தவங்கள நாங்கதான் தேடிப் போகணும்," என்றாள் அவள். "தவணையச் சின்னதாக்கி மாசத்தக் கூட்டித் தரேன். மொத்தத்துல வட்டி கொஞ்சம் ஏறும். ஆனா வேற எங்கயும் கை நீட்டாதீங்க."

"சனிக்கிழமை கல்யாணம் இருக்கே."

"வெறுங்கையோட போய்ச் சாப்பிட்டு வாங்க."

"உன் வீட்ல அப்படிப் போவாங்களா?"

"எங்கம்மா உசிர விட்டுருவா," என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே புதிய தாளை அவன் பக்கம் தள்ளினாள். கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை மைக் அவனிடம் வந்தது. அவன் வழக்கமான மௌனம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். மௌனம் நீண்டதும் சாப்பிடுகிற சத்தம் நின்றது.

"பெரியப்பா, மொய் கொண்டுவரல. காரு கடன்ல இருக்கு. மொய் வச்சா காரு போயிரும். பிள்ளைங்க நல்லா இருக்கட்டும்."

"அப்ப திங்க வந்தியா?" என்றார் பெரியப்பா.

"ஆமா. என் வீட்டு விருந்துல கவலைல ஒரு வாயும் இறங்கல."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. கறி பங்கிடும்போது துருஸ்பெக்கின் வயதுக்கும் முறைக்கும் உரிய எலும்பு வரவில்லை. சிறுபிள்ளைகளுக்கு வைக்கும் எலும்பு வந்தது. சுற்றியிருந்தவர்கள் அவன் தட்டைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். அவன் காது சிவக்க அதைக் கடித்துத் தின்றான். சல்தனத் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

கடன் அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் தீர்ந்தது. கார் துருஸ்பெக்கிடமே இருக்கிறது. மாமுர்கன் பெரியப்பா ஒரு குளிர்காலம் முழுக்க அவனோடு பேசவில்லை. பிறகு முதுகுவலிக்காகப் பிஷ்கெக் ஆஸ்பத்திரிக்கு அவன் காரில்தான் போனார், வாடகையும் கொடுத்தார். அவர் மகன் கல்யாணக் கடனைக் கட்ட ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போனான்; மருமகள் மாமியார் வீட்டில் இருக்கிறாள். நுர்சதா ஓஷ் நகருக்கு மாற்றலாகிப் போனாள். சல்தனத் ஜூரா அக்கா கடையில் அங்கி தைக்கிறாள். ஐபெரி பள்ளிக்கூடம் போகிறாள்.