வெளிச்சம் படாத எலிகள்

பயம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால் ரௌஷன் தூக்கத்திலும் சொல்வாள். மூளைக்குள் பாதாம்பருப்பு வடிவில் ஒரு முடிச்சு. அங்கிருந்து கிளம்பும் ஒரு நரம்புப் பாதையில் நீல வெளிச்சம் பாய்ச்சினால் தொடைநடுங்கி எலியும் சண்டியராகிவிடும். அதைச் சொல்ல வேண்டிய இடத்தில்தான் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இன்று பத்து மணிக்கு அவளுடைய அல்மாட்டி ஆய்வுக்கூடத்துக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. கோட்டைவிட்டால் டாக்டர் பட்டம் போச்சு.

உயரத்தில் கூட்டல்குறி போல ஒரு மேடை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயந்த எலி சுவரோரம் பதுங்கும். வெளிச்சம் பட்ட எலி வெட்டவெளிக்கு வரும். நேற்று வரை அப்படித்தான் நடந்தது.

காலையில் ஒத்திகை பார்த்தாள். வெளிச்சம் பட்ட ஆறும் வெளியே வந்தன. படாத ஆறும் வந்தன! அதில் ஒன்று விளிம்பில் உட்கார்ந்து சாவகாசமாக மீசை தடவியது. எல்லாமே சண்டியர் என்றால் வெளிச்சத்துக்கு என்ன பெருமை? ரௌஷன் தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது.

"பிபிஜமால் அக்கா, இங்க என்ன பண்ணுனீங்க?"

கூடத்தைப் பெருக்குகிற பிபிஜமால் துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள். "அடிரஸ்பான் செடிய கொளுத்திப் புகை போட்டேன்டி. பெரிய மனுசங்க வராங்க, கண்ணு படாதா? கூண்டுக்கு மூணு சுத்து. உன் நாற்காலிக்கு ஏழு."

"எல்லாத்துக்கும் தைரியம் வந்துடுச்சுக்கா! பாதியாவது பயப்பட வேணாமா?"

"தைரியம் வந்ததுக்கு அழுவுறவள இப்பதான் பாக்குறேன். அந்த ஆறையும் ஒளிச்சு வச்சுடு, தீந்துச்சு."

வாசலில் குழு வந்து நின்றது. முன்னால் பேராசிரியர் தெமிர்ஹான்; எல்லோரும் மரியாதையாக 'அகாய்' என்பார்கள். அவர் செருமினாலே மாணவர்களுக்கு வேர்க்கும்.

"அகாய், இன்னிக்குச் சோதன கெட்டுப்போச்சு," என்றாள் ரௌஷன். "அறைக்குள்ள புகை போட்டுட்டாங்க. வெளிச்சம் படாத எலியும் தைரியமாச் சுத்துது. நாலு வருசப் பதிவு இருக்கு, அதப் பாருங்க. புகைக்குத் தனியா ஒரு சோதன வைக்கணும்."

ஒரு சொல்கூடத் திக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "போன வருசம் என் முன்னாடி சொந்தப் பேரச் சொல்லவே திணறுன பொண்ணுதானே நீ? உனக்கு யாரு வெளிச்சம் போட்டது?"

"நான் வெளிச்சம் படாத குழு, அகாய்."

"ஏழு சுத்து," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதிவுகளை நிதானமாகப் புரட்டினார், தலையாட்டினார், கையெழுத்தும் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த அக்காவ இங்க வரச் சொல்லு. மத்தியானம் நான் அமைச்சரப் பாக்கப் போகணும்."